ஓலைப்பெட்டியும் கடல் கடந்த சந்தையும்
(கிராமச் சங்கக் கூட்டங்களில் வாசித்துக் கலந்துரையாடுவதற்கான பாடம்)

கனகராயன்குளத்தில் நடைபெற்ற மாதர் சங்கக் கூட்டமொன்றின் முடிவில், தேநீர் பரிமாறப்படும் வேளையில், ஒரு தாய் தாம் இழைத்த மூடிபோட்ட ஓலைப்பெட்டி ஒன்றை எம் முன்னே கொண்டுவந்து வைத்தார். "சுவாமி, கனடாவில இருக்கிற என்ர தங்கச்சி இதே மாதிரிப் பெட்டி ஒண்டு இணையத்தில அமெரிக்கக் காசு இருபத்திநாலு டொலருக்கு விக்கிறதைப் பார்த்தவளாம். எனக்கு இங்க எழுநூறு ரூபா தாறாங்கள். மிச்சம் எங்க போகுது?" என்று கேட்டார்.

அன்று எம்மால் உடனே பதில் கூற முடியவில்லை. தரகர்கள் எடுக்கிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போவது இலகு. அந்தத் தாய் கேட்டதோ கணக்கு. ஆகவே பெட்டி கனகராயன்குளத்தில் புறப்பட்டுக் கடல் கடந்து ஒரு வீட்டு வாசலை அடையும்வரை அதன் பின்னாலேயே படிப்படியாகப் போய் எழுதிப் பார்த்தோம். அந்தக் கணக்கே இப்பாடம்.

இதை வாசிப்போர் எத்தகையவர் என்பதை நாம் மறக்கவில்லை. 1997 மே மாதம் ஜயசிக்குறு நடவடிக்கை தொடங்கியபின் ஏ-9 வீதியின் இருமருங்கிலும் இருந்த ஊர்கள் வெறுமையாகின. பின்னர் திரும்பி வந்தவர்களும் 2008 இலும் 2009 இலும் மீண்டும் எழுந்து ஓடினார்கள். மெனிக் பாமில் கூடாரங்களில் காலம் கழித்தார்கள். மறுபடி ஊர் வந்தபோது வயல் பற்றைக்காடாகிக் கிடந்தது. பதுங்குகுழிகளுக்காகத் தறிக்கப்பட்ட பனைகளின் அடிக்கட்டைகளே மிஞ்சியிருந்தன. இன்றும் சொந்தக் காணிக்குத் திரும்ப முடியாதோர் எம்மிடையே உளர். இத்தகைய குடும்பங்களிடம் வந்து, இணையத்தில் விற்றால் டொலர் கொட்டும் என்று ஒருநாள் பயிற்சிப் பட்டறை நடத்திச் செல்வோர் உண்டு. பட்டறை முடிவில் ஒரு சான்றிதழும் ஒரு மதிய உணவுப் பொதியும் கிடைக்கும். உணவுப் பொதிதான் அன்றைக்கு உறுதியான இலாபம்.

அதற்காக அந்தச் சந்தை பொய்யென்று நாம் கூறவில்லை. அதனுள் எதைக் கொண்டுபோவது, யார் பெயரில் போவது என்பதே கேள்வி.

இணையச் சந்தை என்றால் என்ன?

மடு ஆவணித் திருவிழாவுக்குப் போனவர்கள் அங்குள்ள கடைத்தெருவைப் பார்த்திருப்பீர்கள். நிலம் ஒருவருடையது, கடைகள் பலருடையவை. சனத்தைக் கூட்டுவது திருவிழா. கடைக்காரர் இடவாடகை கொடுத்துவிட்டுத் தமது பொருளைப் பரப்பி வைக்கிறார். இணையச் சந்தையும் இத்தகையதே. 1995 இல் அமெரிக்காவில் பியர் ஒமிடியார் என்பவர் தொடங்கிய சந்தை பின்னர் ஈபே எனப் பெயர் பெற்றது. அதே ஆண்டில் அமேசன் நிறுவனம் இணையத்தில் புத்தகம் விற்கத் தொடங்கியது. 1999 இல் சீனாவில் அலிபாபாவும், 2005 இல் கைவினைப் பொருட்களுக்கென எட்சியும் வந்தன.

ஈபேயில் முதலாவதாக விற்கப்பட்ட பொருளைப் பற்றி ஒரு கதை உண்டு. அது பழுதடைந்த ஒரு லேசர் சுட்டுகோல். 14 டொலர் 83 சதத்துக்கு விலைபோயிற்று. "இது வேலை செய்யாதென்று உமக்குத் தெரியுமா?" என விற்றவரே எழுதிக் கேட்டாராம். பழுதான சுட்டுகோல்களைச் சேர்த்து வைப்பது தமது பொழுதுபோக்கு என்று வாங்கியவர் பதில் எழுதினாராம். எங்கோ ஒரு மூலையிலிருக்கும் அந்த ஒருவரை உங்களோடு சேர்த்துவைப்பதே இச்சந்தையின் வலிமை. வவுனியாச் சந்தையில் ஆயிரம் பேர் கடந்து போனாலும் அவர் வரமாட்டார்.

ஆனால் அவர் உங்களைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். எமது குழுவினர் முதலில் தமது பெட்டிக்கு "பனையோலைப் பெட்டி" என்பதை ஆங்கிலத்தில் அப்படியே எழுதிப் போட்டார்கள். பனை என்ற மரத்தையே அறியாத ஒருவர் அந்தச் சொல்லைத் தட்டித் தேடப்போவதில்லை. அவர் தேடுவது பாண் வைக்கும் கூடை, தையல் சாமான் போடும் பெட்டி, நகைப்பெட்டி. பொருளை அதன் பயனைக்கொண்டு அழையுங்கள். பனையின் பெருமையை அதன்கீழ் எழுதலாம். நீளம், அகலம், உயரம், நிறை ஆகியவற்றை அளந்து எழுதுங்கள். "நடுத்தர அளவு" என்று எழுதினால் ஒவ்வொருவருக்கும் ஒவ்வோர் அளவு மனதில் வரும். அதுவே பின்னர் முறைப்பாடாகித் திரும்பி வரும்.

இடவாடகையை நிலத்தின் சொந்தக்காரர் தீர்மானிக்கிறார் என்பதையும் நினைவில் வைத்திருங்கள். எட்சி நிறுவனம் தான் அறவிடும் விற்பனைக் கட்டணத்தை 2022 ஏப்ரல் 11 ஆம் திகதி முதல் நூற்றுக்கு 5 இலிருந்து 6.5 ஆக உயர்த்தியது. ஆயிரக்கணக்கான கைவினைஞர் தமது கடைகளை ஒரு வாரம் மூடிவைத்து எதிர்ப்புக் காட்டினர். கட்டணம் குறையவில்லை.

பெட்டியின் கணக்கு

இனித் தாயின் கேள்விக்கு வருவோம். பின்வரும் தொகைகள் ஓர் உதாரணமே. உங்கள் பொருளுக்கு நீங்களே விசாரித்து எழுத வேண்டும். ஒரு டொலர் 300 ரூபா என்று வைத்துக்கொள்வோம். வாங்குபவர் தபாற்செலவும் சேர்த்துக் கொடுக்கும் 24 டொலர் 7,200 ரூபாவாகும்.

சந்தைக்காரரின் பல்வேறு கட்டணங்களும் சேர்ந்து நூற்றுக்குப் பன்னிரண்டு என்றால் 864 ரூபா. வெளிநாட்டுத் தபாற்செலவு 2,400 ரூபா என்று கொள்வோம். மட்டைப் பெட்டி, கடதாசி, ஒட்டுநாடா ஆகியவற்றுக்கு 300. பணம் நாடு வந்து வங்கியில் சேரும்வரை கழிபவை 300. இவற்றையெல்லாம் கழித்தால் மிஞ்சுவது 3,336 ரூபா. ஓலைக்கும் சாயத்துக்கும் 400 ரூபா போக 2,936 ரூபா இழைத்தவருக்கு வரும். பெட்டி ஒன்றுக்கு இரண்டு நாள் பிடித்தால் நாளொன்றுக்கு 1,468 ரூபா. கூலி வேலைக்குப் போனால் இன்று உங்கள் ஊரில் என்ன கிடைக்கும் என்பதைப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

எழுநூறு ரூபாவிலும் இது மேலானதுதான். ஆனால் இருபத்துநான்கு டொலரையும் தரகர் விழுங்கிவிடுகிறார் என்று எண்ணியிருந்தோமே, அது சரியன்று. மிகப் பெரிய பங்கு தபாலுக்குப் போகிறது. இன்னொன்றும் இருக்கிறது. பத்துப் பொதிகளில் ஒன்று வழியில் தொலைந்தால், அல்லது நசுங்கிப் போய்ச் சேர்ந்தால், பணத்தைத் திருப்பிக் கொடுக்க நேரிடும். அப்போது தபாற்செலவு, பொதிச்செலவு, ஓலை என 3,100 ரூபாவும் இரண்டு நாள் உழைப்பும் திரும்பி வரா. அதனை மற்ற ஒன்பது பெட்டிகளே தாங்க வேண்டும். இதைத் தனியொரு குடும்பம் தாங்குவது கடினம். பத்துக் குடும்பங்கள் சேர்ந்த சங்கம், ஒவ்வொரு விற்பனையிலும் சிறு தொகையை ஒதுக்கி வைத்தால், தாங்கலாம். அடைப்பில்லாத குளம் போன்ற கணக்கோடு எவரும் இத்தொழிலில் இறங்கக்கூடாது.

பொதியும் தராசும்

தபாற்செலவே பெருஞ்செலவு என்றால், அதைக் குறைக்கும் வழி பொருளின் வடிவத்திலேயே இருக்கிறது. இதை நாம் பிந்தித்தான் கற்றோம்.

தனியார் பொதிச் சேவைகள் நிறையை மட்டும் பார்ப்பதில்லை. பொதி பிடிக்கும் இடத்தையும் பார்க்கின்றன. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்ரிமீற்றரில் அளந்து பெருக்கி, வருவதை 5,000 ஆல் பிரிப்பது அவர்களின் வழமை. 40 சென்ரிமீற்றர் நீளமும் 30 அகலமும் 30 உயரமும் உள்ள பொதி 36,000. ஐயாயிரத்தால் பிரித்தால் 7.2. உள்ளே இருக்கும் ஓலைக்கூடை அரைக் கிலோவே இருந்தாலும் ஏழு கிலோவுக்கு மேல் பணம் கட்ட வேண்டும். வெறுங்காற்றுக்குக் கூலி கொடுக்கிறோம்.

தபாற்கந்தோர் மூலம் அனுப்பும் சிறுபொதி வேறு விதம். அதற்கு நிறையே கணக்கு; 2 கிலோவுக்கு மேற்படக் கூடாது. நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 90 சென்ரிமீற்றருக்குள் அடங்க வேண்டும். எந்தப் பக்கமும் 60 சென்ரிமீற்றரைத் தாண்டக் கூடாது. மேலே சொன்ன கூடைப் பொதியின் கூட்டுத்தொகை 100. ஆகவே அது சிறுபொதியாகப் போகாது.

இதிலிருந்து என்ன தெரிகிறது? ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் மூன்று பெட்டிகளை ஒரே தொகுதியாக விற்றால் ஒரு பெட்டியின் இடத்தில் மூன்று போகும். தட்டையாக மடியும் பை, விசிறி, மேசை விரிப்பு, புத்தகத்தில் வைக்கும் அடையாள ஓலை என்பன மெல்லிய பொதியில் அடங்கும். கடகமும் சுளகும் எமக்கு அருமையானவை. ஆனால் அவை ஊரிலும் கொழும்பிலும் விற்கப்பட வேண்டியவை. கடல் கடக்கும் பொருளை அளவுகோலை கையில் வைத்துக்கொண்டே இழைக்கத் தொடங்குங்கள்.

பொதியுடன் சுங்கப் படிவம் ஒன்று நிரப்ப வேண்டும். சிறு பெறுமதிக்கு சி.என். 22 என்ற படிவம். விற்ற பொருளுக்கு "அன்பளிப்பு" என்று எழுதச் சொல்லிச் சிலர் ஆலோசனை தருவர். அது பொய் அறிக்கை. பிடிபட்டால் பொதியும் போகும், கடையின் நற்பெயரும் போகும். முன்பு சிறு பொதிகளுக்கு வரி விலக்கு அளித்த நாடுகள் பல அதை இப்போது நீக்கிவிட்டன. அவுஸ்திரேலியா 2018 ஜூலை முதலும், பிரித்தானியா 2021 ஜனவரி முதலும், ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலை முதலும் குறைந்த பெறுமதிப் பொருட்களுக்கும் விற்பனை வரி அறவிடுகின்றன. அமெரிக்கா 800 டொலர் வரையான பொதிகளுக்கு வழங்கிய தீர்வை விலக்கை 2025 ஓகஸ்ட் 29 இல் எல்லா நாடுகளுக்கும் நிறுத்தியது. ஆகவே எந்த நாட்டுக்கு அனுப்பினாலும் அந்த மாதத்து நிலையைக் கேட்டறிந்தபின்பே விலை எழுதுங்கள்.

கச்சானும் உழுந்தும்

நாம் கமக்காரர். பெட்டி இழைப்பது ஓய்வு நேரத் தொழில். கச்சானும் உழுந்தும் எள்ளுமே எமது வாழ்வு. அவற்றை இணையத்தில் விற்க முடியாதா என்று ஆண்கள் கேட்கிறார்கள். எமது நேர்மையான பதில்: பொதி பொதியாக வெளிநாட்டுக்கு அனுப்புவதை மறந்துவிடுங்கள். ஒரு கிலோ உழுந்தின் விலையைவிட அதன் தபாற்செலவு பன்மடங்கு.

செலவு ஒருபுறமிருக்க, உணவுப் பொருளுக்கு வேறு வாசல்களும் உண்டு. அமெரிக்காவுக்கு உணவு விற்பவர் அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகத்தில் உற்பத்தி நிலையத்தைப் பதிவு செய்ய வேண்டும். பொருள் போய்ச் சேருமுன் அறிவித்தலும் கொடுக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2019 டிசம்பர் முதல் பெரும்பாலான பச்சைப் பழங்கள், காய்கறிகள், தாவரங்கள் ஆகியவற்றுக்குத் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் கேட்கிறது. காட்டுத்தேன் விலங்கு உற்பத்திப் பொருட்களின் வரிசையில் பார்க்கப்படுவதால் அதற்கு இன்னும் இறுக்கமான விதிகள். ஒரு போத்தல் தேனைத் துணியில் சுற்றித் தபாலில் போட்டுவிடலாம் என்று எண்ண வேண்டாம்.

கச்சானைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்; ஏனெனில் இது வெளிநாட்டாருக்கு மட்டுமன்றி எமது பிள்ளைகளுக்கும் உரிய காரியம். ஈரம் காயாத கச்சானில் ஒருவகைப் பூஞ்சணம் பிடிக்கும். அது அஃப்ளாரொக்சின் என்ற நஞ்சை உண்டாக்குகிறது. நீண்டகாலம் உட்கொண்டால் ஈரலில் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. வறுத்தாலும் முற்றாகப் போகாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் நேரடியாக உண்ணும் கச்சானில் இந்நஞ்சு கிலோவுக்கு மொத்தம் 4 மைக்கிரோகிராமுக்கு மேல் இருக்கலாகாது. ஒரு கிராமைப் பத்து இலட்சம் பங்காக்கினால் அதில் நான்கு பங்கு. கண்ணால் பார்த்து இதைச் சொல்ல முடியாது; ஆய்வுகூடமே சொல்லும்.

ஆனால் தடுக்க முடியும். பிடுங்கிய கச்சானைக் குவித்து வைக்காதீர்கள். கொடியோடு கவிழ்த்துக் காற்றுப்பட விடுங்கள். ஆய்ந்தபின் வெறும் மண்ணில் பரப்பாமல் பாய் அல்லது தறப்பாள் விரித்துக் காயவிடுங்கள். மாலையில் பனி படாமல் மூடுங்கள். கோதை ஆட்டினால் பருப்பு கலகலவென்று ஒலிக்கும்வரை காய வேண்டும். வெடித்ததையும் பூச்சி துளைத்ததையும் சுருங்கியதையும் பொறுக்கி அகற்றுங்கள். பொலித்தீன் பையில் கட்டாமல் சணல் சாக்கில் கட்டி, நிலத்தில் படாமல் பலகைமேல் அடுக்குங்கள். இப்படிக் காய்ந்த கச்சானுக்கு வவுனியாவிலும் கொழும்பிலும் நல்ல வாங்குநர் கிடைப்பர். இணையம் இங்கே வேறு வகையில் உதவும். லொறி வந்து படலையில் நிற்குமுன் தம்புள்ளையில் இன்றைய விலை என்ன என்று கைத்தொலைபேசியில் பார்த்து வையுங்கள். அந்த ஒரு பார்வை பலவேளைகளில் வெளிநாட்டுக் கடையை விடப் பெறுமதியானது.

ஒடியல், பனாட்டு, பனங்கட்டி போன்ற உலர்ந்த பனம்பொருட்களுக்கு ரொறன்ரோவின் ஸ்காபரோவிலும், இலண்டன் ஈஸ்ட்ஹாமிலும், பாரிஸ் லாச்சப்பலிலும் எம்மவர் கடைகளில் கேள்வி உண்டு. அங்கே இணையக்கடை அவசியமில்லை. அக்கடைக்காரருக்கு ஒரே தடவையில் மொத்தமாக அனுப்புவதே மேல். 1978 இல் அமைக்கப்பட்ட பனை அபிவிருத்திச் சபையும், 1979 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த ஏற்றுமதி அபிவிருத்திச் சபையும் இதற்கெனவே உள்ளன. அவற்றின் படியேற வெட்கப்பட வேண்டாம்.

யார் பெயரில் கடை?

இதுவே எமது பாடத்தின் நடுப்பகுதி. தயவுசெய்து ஆறுதலாக வாசியுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் எமது குழுவொன்றின் பொருட்களை இணையத்தில் விற்றுத்தர ஒருவர் முன்வந்தார். ஆங்கிலம் அறிந்தவர், நல்ல எண்ணத்தோடுதான் வந்தார் என்று இன்றும் நம்புகிறோம். கடையைத் தமது பெயரில் திறந்தார். பணம் தமது கணக்குக்கு வந்தது. மாதம் ஒருமுறை பிரித்துக் கொடுத்தார். வாங்கியவர்கள் நல்ல வார்த்தைகள் எழுதினார்கள். கடைக்கு நட்சத்திரங்கள் சேர்ந்தன. ஒருநாள் அவர் வேறு வேலை கிடைத்து வெளிநாடு போய்விட்டார். கடவுச்சொல் அவரிடம். வாங்கியவர்களின் முகவரிகள் அவரிடம். கடைசி இரண்டு மாதப் பணமும் வரவில்லை. புதிதாகக் கடை திறந்தபோது, ஒரு நட்சத்திரமும் இல்லாத அந்நியர்களாக எமது பெண்கள் மீண்டும் தொடங்கினார்கள். பிழை அவருடையது மட்டுமன்று. ஒரு தாளில் ஒப்பந்தம் எழுதிக்கொள்ளாமல், பெண்களைப் பொறுமையாக இருக்கச் சொன்னவர்கள் நாமே.

கடையின் உண்மையான சொத்து அதன் பெயரும் அதற்குச் சேர்ந்த நம்பிக்கையும்தான். காணி உறுதி வேறொருவர் பெயரில் இருக்க, அதில் கிணறு வெட்டியவர் படும்பாடு எமக்குப் புதிதல்ல. ஆகவே உதவி செய்பவர் யாராயினும், மறைமாவட்ட நிறுவனமாயினும், நாமே ஆயினும், கடை சங்கத்தின் பெயரிலோ சங்கம் தெரிவுசெய்த உறுப்பினரின் பெயரிலோ இருக்கட்டும். கடவுச்சொல்லை இருவர் அறிந்திருக்கட்டும்; எழுதி உறையிலிட்டுச் சங்கத்தின் பெட்டியில் வையுங்கள். கடையோடு இணைந்த தொலைபேசி இலக்கம் ஒருவரின் தனிப்பட்ட இலக்கமாக இல்லாமல் சங்கத்தின் இலக்கமாக இருப்பது நல்லது. வணிகப் பெயரைப் பிரதேச செயலகம் மூலம் பதியலாம். கனகராயன்குளத்தாருக்கு அது நெடுங்கேணியிலுள்ள வவுனியா வடக்குப் பிரதேச செயலகம்.

இங்கே எமது மக்களுக்கே உரிய இடர் ஒன்று இருக்கிறது. இணையச் சந்தைகள் அடையாள அட்டையிலும் வங்கிக் கணக்கிலும் ஒரே பெயர், ஒரே ஆங்கில எழுத்தில் இருக்க வேண்டும் என்கின்றன. முதற்பெயர் எது, குடும்பப் பெயர் எது என்றும் கேட்கின்றன. எமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்றில்லை. தகப்பன் பெயரோ கணவன் பெயரோதான் உண்டு. பல இடப்பெயர்வுகளில் ஆவணங்களைத் தொலைத்து, வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு அலுவலகத்தில் புதுப்பித்தவர்களின் பெயர் பிறப்புப் பத்திரத்தில் ஒரு விதமாகவும், வங்கிப் புத்தகத்தில் இன்னொரு விதமாகவும் இருக்கிறது. ஓர் எழுத்துப் பிசகினாலும் கடை திறக்கப்படாது. திறந்தபின் பிசகு கண்டால் பணம் தடுத்து வைக்கப்படும். 2017 முதல் வழங்கப்படும் புதிய அடையாள அட்டையில் ஆங்கிலத்திலும் பெயர் உண்டு. அதை முதலில் பெற்று, அதிலுள்ளபடியே வங்கிக் கணக்கைத் திருத்திக்கொள்ளுங்கள். கடை திறக்குமுன் செய்ய வேண்டிய வேலை இது.

பணம் வரும் வழியையும் முன்கூட்டியே விசாரியுங்கள். பேபால் என்ற பணச்சேவை மூலம் இலங்கையிலுள்ளோர் நீண்டகாலமாகப் பணம் அனுப்ப மட்டுமே முடிந்தது, பெற முடியவில்லை. அதனால் பலர் பயோனியர் போன்ற வேறு சேவைகளை நாடினர்; சிலர் வெளிநாட்டு உறவினரின் கணக்கை இரவல் வாங்கினர். இரவல் கணக்கில் மேலே சொன்ன ஆபத்து அப்படியே இருக்கிறது. எல்லாச் சந்தைகளும் எல்லா நாட்டவருக்கும் கதவு திறப்பதில்லை என்பதால், படம் எடுத்துப் போடுமுன், "இலங்கையிலிருந்து கடை வைக்கலாமா? பணம் எந்த வழியாக எமது வங்கிக்கு வரும்?" என்ற இரண்டையும் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

மாரியும் நத்தாரும்

மேல்நாடுகளில் கைப்பணிப் பொருட்கள் அதிகம் விற்பது நத்தாருக்கு முந்திய வாரங்களில். அப்பொதிகள் ஐப்பசி மாதத்திலேயே இங்கிருந்து புறப்பட வேண்டும். எமக்கோ அது காலபோக விதைப்பு. மழையும் அதே வேளை. பெண்கள் வயலில் நிற்கிறார்கள், ஓலை காயாது, ஈரத்தோடு கட்டிய பொதி கடலுக்கப்பால் பூஞ்சணத்தோடு திறக்கப்படும். எமது குழு ஒரு வருடம் இப்படியே ஓடர்களை ஏற்றுவிட்டுத் தவித்தது. வெயில் காலத்தில் குருத்தோலையை வெட்டி, வார்ந்து, காயவைத்து, ஆடி ஆவணியிலேயே இழைத்து முடித்து இருப்பில் வைத்தால்தான் இது சரிவரும். அதற்கு அந்த மாதங்களில் இழைப்பவருக்கு முற்பணம் கொடுக்கச் சங்கத்தில் சிறு சுழல்நிதி தேவை. வெளியிலிருந்து உதவி தர விரும்புவோரிடம் கணினி கேட்பதைவிட இதைக் கேளுங்கள்.

எமக்கு முன் நடந்தவர்கள்

1971 இல் வங்காளதேசப் போரில் வீடு வாசலையும் கணவரையும் இழந்த கிராமப் பெண்களுக்காக 1973 இல் அங்குள்ள கிறிஸ்தவ நிவாரண அமைப்பு சணல் கைப்பணி நிறுவனமொன்றைத் தொடங்கியது. அவர்கள் முதலில் விற்ற பொருட்களில் ஒன்று உறி! எமது பாட்டிமார் தயிர்ச்சட்டி தூக்கிய அதே உறி, மேல்நாட்டு வீடுகளில் பூச்சட்டி தொங்கவிடப் பயன்பட்டது. பொருள் பழையது, பயனைப் புதிதாகக் கண்டார்கள். இணையம் இல்லாத காலத்தில், நீதியான வணிகக் கடைகள் அவர்களுக்கு வாசலாயின. எமது நாட்டிலும் 1991 இல் குருநாகலில் தொடங்கிய செலின் கைத்தறி நிறுவனம் கிராமப் பெண்களின் நெசவை அதே வழியில் வெளிநாட்டுக்குக் கொண்டுசென்றது.

சீனாவின் ஜியாங்சு மாகாணத்திலுள்ள டொங்ஃபெங் கிராமம் வேறொரு பாடம் தருகிறது. கழிவு பிளாஸ்ரிக் சேர்த்துப் பிழைத்த அவ்வூரில் ஓர் இளைஞர் மரத்தட்டுகள் செய்து தாவோபாவோ என்ற இணையச் சந்தையில் தமது நாட்டுக்குள்ளேயே விற்றார். அயலவர்கள் பார்த்துச் செய்தார்கள். ஊரே தளபாட ஊராயிற்று. ஆனால் எல்லோரும் ஒரே தட்டைச் செய்ததால் ஒருவரைவிட ஒருவர் விலையைக் குறைத்துப் போட்டியிட்டார்கள். எமது வீதியோரத்தில் ஒருவர் கச்சான் கடை போட்டால் மறுமாதம் பத்துக் கடை முளைப்பதை நினைத்துக்கொண்டோம்.

இன்னுமொன்று சொல்ல அனுமதியுங்கள். எமது பொருட்களின் கீழே "போரில் கணவனை இழந்த பெண் செய்தது" என்று எழுதினால் கூடுதலாக விற்கும் என்று ஒருவர் ஆலோசனை சொன்னார். நாம் பெண்களிடமே கேட்டோம். "பெட்டி நல்லமெண்டால் வாங்கட்டும்" என்றார் ஒருவர். இரக்கத்துக்காக வாங்குபவர் ஒருமுறை வாங்குவார். அதன்பின் பெட்டி மூலையில் கிடக்கும். பிள்ளைகளின் படத்தையும் வீட்டு முகவரியையும் கடையில் போட வேண்டாம்.

கேள்வி கேட்ட தாய் இக்கணக்கைக் கேட்டுவிட்டு, மூடிபோட்ட பெரிய பெட்டியை வவுனியாவுக்கே கொடுப்பதாகவும், ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் மூன்று சிறு பெட்டிகளை இழைத்துப் பார்ப்பதாகவும் கூறியிருக்கிறார். அடுத்த கூட்டத்துக்கு வருகையில் ஒவ்வொருவரும் அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், பிறப்புப் பத்திரம் மூன்றையும் கொண்டு வாருங்கள். பெயர்களை ஒப்பிட்டுப் பார்ப்போம். இழைத்த பொருள் ஒன்றையும் கொண்டு வாருங்கள். கூட்டம் முடிந்ததும் எல்லோருமாகத் தபாற்கந்தோருக்குப் போய்த் தராசில் வைத்துப் பார்க்கலாம்.